மலையில் கிடைக்கும் கறுப்புக் கண்ணாடிக் கல்: விண்கல் மோதிப் பிறந்ததா, வேறா?

மோல்டவைட் பதக்கம், டெக்டைட் மோதிரம், 'வானத்திலிருந்து விழுந்த கண்ணாடி' என்று இணையத்தில் விற்பனை பெருகிவிட்டது. குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல், பண்ணைக்காடு பக்கம் தோட்டத்திலோ ஓடையிலோ பளபளப்பான கறுப்புக் கல் ஒன்று கையில் கிடைத்தால் 'இதுவும் அதுதானோ' என்ற சந்தேகம் வருவது இயல்பே. பதில் சொல்ல வேண்டுமானால், இரண்டு தவறான எண்ணங்களை முதலில் விலக்க வேண்டும்.

ஒன்று, அந்தக் கண்ணாடி வானத்திலிருந்து வந்தது என்பது. வந்தது விண்கல்; கண்ணாடியானது நம் பூமியின் பாறையும் மண்ணும். விண்கல்லின் பங்கு அதில் பெரும்பாலும் 1 சதவீதத்துக்கும் குறைவு. இரண்டு, விண்கல் காற்றில் எரிந்து வரும் சூட்டில் பாறை உருகுகிறது என்பது. காற்றைக் கிழித்து வரும்போது உருகுவது விண்கல்லின் மேல்தோல் மட்டும்தான். விழுந்த விண்கல்லை உடைத்தால், ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிப்பில்லாத கறுப்புத் தோலுக்கு உள்ளே சூடு படாத கல் இருக்கும். தரைப் பாறையைக் கண்ணாடியாக்குவது வேறொரு விசை: அழுத்தம். இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

கண்ணாடி என்பது பொருளின் பெயரல்ல, ஒரு நிலை

பாறையில் உள்ள கனிமங்கள் படிகங்கள். அவற்றின் அணுக்கள் ஒழுங்கான வரிசையில் அடுக்கப்பட்டவை. உருகினால் வரிசை கலைகிறது. மெல்ல ஆறினால் அணுக்கள் தம் இடம் தேடி மறுபடி அடுக்கிக்கொள்ளும். சட்டென்று ஆறினால் கலைந்த நிலையிலேயே உறைந்துவிடும். சர்க்கரைப் பாகை நாள்கணக்கில் ஆறவிட்டால் கற்கண்டு. தட்டில் ஊற்றி உடனே ஆறவிட்டால் கடலைமிட்டாயைப் பிடித்துவைக்கும் வழவழப்பான பாகு. இரண்டும் ஒரே சர்க்கரைதான். பாறைக் கண்ணாடியிலும் இதே கணக்குதான். சிலிக்கா அதிகமுள்ள பாறைக் குழம்பு மிகவும் கெட்டியானது. அணுக்கள் எளிதில் நகர முடியாது. அதனால்தான் குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் மிகுந்த பாறைகள் சுலபமாகக் கண்ணாடியாகின்றன.

இயற்கையில் கண்ணாடி உண்டாகும் வழிகள்

1. எரிமலை. குழம்பு வெளிவந்து விரைவாக ஆறினால் ஒப்சிடியன். எரிமலைக் குழம்பின் வெப்பம் 1,200 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது அரிது. இந்த எண்ணை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

2. மின்னல். மணலில் பாய்ந்தால் குழாய் வடிவக் கண்ணாடி. மலை உச்சிப் பாறையில் பாய்ந்தால் மெல்லிய கண்ணாடிப் பூச்சு. இதற்கு ஃபல்குரைட் என்று பெயர்.

3. உராய்வு. நிலப்பிளவின் இரு பக்கமும் நிலநடுக்கத்தின்போது ஒன்றையொன்று உரசிச் செல்கையில், இடைப்பட்ட பாறை கணநேரம் உருகிக் கறுப்பு நரம்பாக உறைகிறது. இது சூடோடாக்கிலைட்.

4. விண்கல் மோதல்.

இந்த நான்கில் முதல் வழியை நம் மலைகளுக்கு உடனே அடித்துவிடலாம். நீலகிரியும் பழனி மலையும் எரிமலைகள் அல்ல. இரண்டுமே பெரும்பாலும் சார்னோக்கைட் என்ற பாறையால் ஆனவை. நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து 1893-இல், கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னக்கின் கல்லறைக்குப் பயன்படுத்தப்பட்ட கல்லை வைத்து இட்ட பெயர் அது. அந்தக் கல் போனது சென்னைப் பக்கத்திலிருந்து. நீலகிரியின் சார்னோக்கைட் சுமார் 250 கோடி ஆண்டு பழையது. நிலத்துக்கு அடியில் இருபது முப்பது கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து, மிக மெல்ல ஆறிய பாறை. அத்தனை மெல்ல ஆறியதால் அதில் கண்ணாடி துளியும் மிஞ்சியிருக்காது. ஆக, இங்கே ஒப்சிடியன் கிடைத்தது என்று யாராவது சொன்னால், அது எங்கிருந்தோ கொண்டுவரப்பட்டது.

மோதும் கணத்தில் நடப்பது

பூமியை நோக்கி வரும் எந்தக் கல்லும், காற்று அதைத் தடுக்காதபட்சத்தில், விநாடிக்கு 11.2 கிலோமீட்டருக்குக் குறையாத வேகத்தில் வந்து சேரும். சராசரி வேகம் விநாடிக்கு 20 கிலோமீட்டரை ஒட்டியது. சிறிய கற்களைக் காற்று நிறுத்திவிடுகிறது. அவை கடைசியில் சாதாரணமாகக் கீழே விழுகின்றன, எதையும் உருக்குவதில்லை. பல பத்து மீட்டர் அகலமுள்ள கல்லுக்குத்தான், அதுவும் உறுதியான இரும்புக் கல்லாக இருந்தால், வேகம் குறையாமல் தரையை எட்ட முடியும்.

விநாடிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஒரு கிலோ கல்லின் இயக்க ஆற்றல் 200 மெகா ஜூல். ஒரு கிலோ டிஎன்டி வெடிமருந்தில் இருப்பது ஏறக்குறைய 4.2 மெகா ஜூல். அதாவது அந்தக் கல் தன் எடையைப்போல் 48 மடங்கு வெடிமருந்துக்குச் சமம். வெடிக்க அதில் எந்த மருந்தும் வேண்டியதில்லை, வேகமே போதும். குளிர்ந்த கருங்கல் ஒரு கிலோவை முழுதாக உருக்கச் சுமார் 2 மெகா ஜூல் போதும் என்பதோடு ஒப்பிட்டால், கையிருப்பு எவ்வளவு என்று புரியும். அதில் பெரும்பங்கு பள்ளம் தோண்டவும், பாறையை நொறுக்கவும், வாரி இறைக்கவும் செலவாகிவிடும். மிச்சமே உருக்கத்துக்கு.

வரிசையாகப் பார்ப்போம்.

1. தொடும் கட்டம். 50 மீட்டர் அகலமுள்ள கல் தன் நீளத்தைத் தானே கடக்க எடுப்பது ஒரு விநாடியில் 400-இல் ஒரு பங்கு. தொட்ட இடத்திலிருந்து அதிர்ச்சி அலை ஒன்று கீழே பாறைக்குள்ளும், இன்னொன்று மேலே கல்லுக்குள்ளும் பாய்கிறது. தொட்ட இடத்தில் அழுத்தம் பல நூறு கிகா பாஸ்கல். ஒரு கிகா பாஸ்கல் என்பது நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப்போல் சுமார் 10,000 மடங்கு. பூமியின் நடுமையத்தில் இருப்பதே 360 கிகா பாஸ்கல் அளவுதான்.

2. விடுபடும் கட்டம். அதிர்ச்சி அலை கல்லின் பின்பக்கத்தை எட்டியதும் அங்கே தடுக்க எதுவும் இல்லை. அங்கிருந்து அழுத்தத்தை அவிழ்க்கும் அலை ஒன்று திரும்பி வந்து, முன்னால் போன அலையைத் துரத்துகிறது. பாறை உருகுவது முக்கியமாக இந்தக் கட்டத்தில்தான்.

3. தோண்டும் கட்டம். அலைகள் போன பிறகும் பாறைத் துகள்கள் வெளிப்புறமாக ஓடிக்கொண்டே இருக்கின்றன. பள்ளம் திறக்கிறது, உருகியதும் நொறுங்கியதும் கலந்து மேலே சிதறுகின்றன.

4. அடங்கும் கட்டம். பள்ளத்தின் சுவர் சரிகிறது. பெரிய பள்ளமானால் நடுவில் மேடு எழும்புகிறது.

இரண்டாம் கட்டம் பலருக்கும் குழப்பமானது, அதனால் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அழுத்தம் ஏறும்போது பாறையைச் சுருக்க அலை வேலை செய்கிறது. அழுத்தம் இறங்கும்போது பாறை விரிந்து அந்த வேலையைத் திருப்பித் தர வேண்டும். மெல்ல அழுத்தி மெல்ல விட்டால் ஏறக்குறைய முழுதும் திரும்பிவிடும். அதிர்ச்சி அலையிலோ அழுத்தம் ஒரே தாவலில் ஏறுகிறது. இறங்குவது வேறு பாதையில். இரண்டு பாதைக்கும் இடையிலான வித்தியாசம் திரும்பி வருவதில்லை, பாறைக்குள்ளேயே வெப்பமாகத் தங்கிவிடுகிறது. அழுத்தம் இருக்கும்வரை பாறை உருகாமல் இறுக்கிப் பிடிக்கப்பட்டிருக்கலாம். பிடி விட்டதும், தங்கிய வெப்பத்தைத் தாங்க வழியின்றி உருகிவிடும். இன்னும் அதிகமானால் நேரே ஆவியாகிவிடும். பக்கத்திலிருந்து சூடு பரவி உருகுவதாக இருந்தால் மணிக்கணக்கு ஆகும். இங்கே ஒவ்வொரு துகளும் தன் உள்ளிருந்தே ஒரே நேரத்தில் சூடேறுகிறது. அதனால்தான் மோதல் கண்ணாடியில் 1,700 டிகிரி கண்ட துளியும் உருகவே உருகாத துணுக்கும் அருகருகே கிடக்கின்றன. எரிமலைக் கண்ணாடியில் இந்த விந்தை கிடையாது.

தொட்டபெட்டா பாறையில் மோதினால்

கற்பனைதான், ஆனால் கனிமங்கள் நிஜம். தொட்டபெட்டாவில் கிடக்கும் சார்னோக்கைட்டை எடுத்துக்கொள்வோம். அதில் குவார்ட்ஸ், அதாவது நம்மூரில் வெங்கச்சங்கல் என்று சொல்வது, உண்டு. ஃபெல்ட்ஸ்பார், பைராக்சீன் என்ற கருநிறக் கனிமம், பல இடங்களில் செந்நிறக் கார்னெட்டும் உண்டு. மோதிய இடத்திலிருந்து தூரம் கூடக்கூட அழுத்தம் குறையும். வெளியிலிருந்து உள்ளே நடந்தால் பாறை இப்படி மாறும்:

1. சில கிகா பாஸ்கல்: பாறை விரிசல் விடும். கூம்பு வடிவில் கோடுகள் விசிறிபோல் விரியும் உடைவு முகங்கள் தோன்றும். வெறுங்கண்ணால் பார்த்தே மோதல் என்று சொல்லக்கூடிய அடையாளம் இது ஒன்றுதான்.

2. 10 கிகா பாஸ்கல் தாண்டினால்: குவார்ட்ஸ் மணிக்குள் இணைகோடுகளாக மெல்லிய தளங்கள் விழும். கோட்டுக்குக் கோடு சில மைக்ரோமீட்டர் இடைவெளி, பல திசைகளில். நிலநடுக்கமோ எரிமலையோ இப்படி ஒரு கோலத்தைப் போட்டதில்லை.

3. 30 கிகா பாஸ்கலை ஒட்டி: ஃபெல்ட்ஸ்பார் உருகாமலேயே கண்ணாடியாகும். சற்று மேலே போனால் குவார்ட்ஸும் அப்படியே.

4. 50 கிகா பாஸ்கலுக்கு மேல்: குவார்ட்ஸ் நிஜமாகவே உருகும். தூய சிலிக்கா உருக 1,700 டிகிரி வேண்டும். உறைந்தால் கிடைப்பது லெஷாட்லியரைட் என்ற தூய சிலிக்காக் கண்ணாடி.

5. 60 கிகா பாஸ்கல் தாண்டினால்: பாறையே ஒட்டுமொத்தமாக உருகும். பைராக்சீனும் கடைசியில் விட்டுக்கொடுக்கும். சார்னோக்கைட்டில் இரும்பு இருப்பதால் கிடைக்கும் கண்ணாடி பழுப்பும் கறுப்புமாக இருக்கும்.

6. 100 கிகா பாஸ்கலுக்கும் மேலே: ஆவி.

மூன்றாம் படியை விட்டு நகர மனம் வரவில்லை. உருகாமல் கண்ணாடியாவது எப்படி? அழுத்தம் அணு வரிசையை நசுக்கிக் கலைத்துவிடுகிறது. ஆனால் குழம்பாக ஓட அவகாசம் கிடைப்பதில்லை. ஆகவே படிகத்தின் வெளிவடிவம், ஓரங்கள், பழைய விரிசல்கள்கூட அப்படியே இருக்கும்; உள்ளே மட்டும் ஒழுங்கு இருக்காது. ஃபெல்ட்ஸ்பாரில் உண்டாகும் இந்தக் கண்ணாடிக்கு மாஸ்கலினைட் என்று பெயர். 1872-இல் அதை முதலில் விவரித்தவர் செர்மாக். கண்ட இடம், 1865-இல் பீகாரின் ஷெர்காட்டியில் விழுந்த விண்கல். செவ்வாய்க் கோளிலிருந்து வந்தது என்று பிற்பாடு தெரியவந்த கல் அதுதான். இதே மாஸ்கலினைட் மகாராஷ்டிரத்தின் லோணார் பள்ளத்திலும் இருக்கிறது.

லோணாரைப் பற்றி ஒரு வார்த்தை. புல்டாணா மாவட்டத்தில், தக்காணப் பீடபூமியின் பசால்ட் என்ற எரிமலைப் பாறையில் விழுந்த பள்ளம்; விட்டம் சுமார் 1.8 கிலோமீட்டர். ஊட்டி முத்தோரையில் நிற்கும் ரேடியோ தொலைநோக்கியின் நீளம் 530 மீட்டர். அதைப்போல் மூன்றரை தொலைநோக்கிகளை வரிசையாக வைத்தால் அந்தப் பள்ளத்தின் குறுக்களவு வரும். பசால்ட் பாறையில் மோதி உண்டான பள்ளங்கள் உலகில் மிகச் சிலவே என்பதால் நிலவையும் செவ்வாயையும் ஆராய்கிறவர்களுக்கு லோணார் ஒரு பாடசாலை. இந்தியாவில் உறுதியான மற்ற இரண்டு: மத்தியப் பிரதேசத்தின் டாலா, ராஜஸ்தானின் ராம்கர். தமிழ்நாட்டில் உறுதிசெய்யப்பட்ட பள்ளம் இல்லை.

பள்ளத்திலேயே தங்குவது, பறந்து போவது

மோதல் கண்ணாடி எல்லாம் ஒன்றல்ல. பள்ளத்துக்குள்ளும் அதன் ஓரத்திலும் கிடப்பது ஒரு வகை. உருகிய துண்டுகளும் உருகாத துண்டுகளும் கலந்து இறுகிய பாறைக்கு சூவைட் என்று பெயர். தெற்கு ஜெர்மனியின் ரீஸ் பள்ளம் சுமார் 24 கிலோமீட்டர் அகலம், வயது ஏறக்குறைய 1.48 கோடி ஆண்டு. அதற்குள் அமைந்த நோர்ட்லிங்கன் ஊரின் மாதாகோயில் கோபுரமே சூவைட்டால் கட்டியதுதான். எரிமலைக் கல் என்றே நீண்டகாலம் நம்பினார்கள். மிகுந்த அழுத்தத்தில் மட்டுமே உண்டாகும் கோயசைட் என்ற சிலிக்கா வடிவத்தை நிலவியலாளர்கள் ஷூமேக்கரும் சாவோவும் அங்கே கண்டறிந்த பிறகு, 1961-இல் வழக்கு முடிந்தது.

இன்னொரு வகை டெக்டைட். இது பள்ளத்தை விட்டுப் பறந்து போன கண்ணாடி. ரீஸ் மோதலில் பிறந்த டெக்டைட்தான் கடைகளில் விற்கும் பச்சை மோல்டவைட். செக் நாட்டில், பள்ளத்திலிருந்து 200 முதல் 450 கிலோமீட்டர் தூரம்வரை கிடக்கிறது. ஊட்டிக்கும் சென்னைக்கும் நேர்கோட்டில் சுமார் 430 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் வீச்சின் அளவு பிடிபடும். 400 கிலோமீட்டர் போய் விழ விநாடிக்கு சுமார் 2 கிலோமீட்டர் வேகத்தில் எறியப்பட வேண்டும்.

எது பறக்கிறது? மோதிய முதல் கணத்தில் மேல்மண் மட்டும் மிக அதிகம் சூடாகிப் பீறிட்டு எழுகிறது. ரீஸில் ஆழத்துக் கருங்கல் உருகி சூவைட்டில் தங்கியது. மேலே படிந்திருந்த மணல்தான் மோல்டவைட் ஆனது. ஆசிய–ஆஸ்திரேலிய டெக்டைட்டுகளில் பெரிலியம்-10 என்ற அணு கணிசமாக உண்டு. காஸ்மிக் கதிர்களால் வளிமண்டலத்தில் உருவாகி மழையோடு இறங்கி மேல்மண்ணில் சேர்வது அது. ஆழத்துப் பாறையில் இராது. தரையின் தோல்தான் உருகியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

டெக்டைட்டில் தண்ணீரும் அநேகமாக இல்லை: எடையில் 0.002 முதல் 0.02 சதவீதம். ஒப்சிடியனில் அதைப்போல் பத்து மடங்கு, நூறு மடங்கு இருக்கும். சூடு அவ்வளவு. ஆஸ்திரேலியாவில் கிடைக்கும் பொத்தான் வடிவ டெக்டைட்டுகளோ, ஒருமுறை உறைந்து உருண்டையாகி, வளிமண்டலத்துக்குள் மறுபடி நுழைகையில் முன்பக்கம் இரண்டாம் முறை உருகி விளிம்பு மடங்கியவை. டீன் சாப்மன் நாசாவின் காற்றுச் சுரங்கத்தில் அதே வடிவத்தைச் செய்து காட்டினார். அவை நிலவிலிருந்து வந்தவை என்பது அவருடைய முடிவு. வடிவத்தைப் பற்றிச் சொன்னது சரி. நிலவைப் பற்றிச் சொன்னதை 1969-க்குப் பின் அப்பல்லோ பயணங்கள் கொண்டுவந்த கற்களின் வேதியியல் தள்ளுபடி செய்தது.

டெக்டைட் பரவிய முக்கியப் பரப்புகள் நான்கு. மத்திய ஐரோப்பாவின் பரப்புக்கு மூலம் ரீஸ் பள்ளம். ஐவரி கோஸ்டுக்கு கானாவின் பொசும்ட்வி பள்ளம், வயது 10.7 லட்சம் ஆண்டு. வட அமெரிக்காவுக்கு செசபீக் விரிகுடாவின் அடியிலுள்ள பள்ளம், சுமார் 3.5 கோடி ஆண்டு. நான்காவது ஆசிய–ஆஸ்திரேலியப் பரப்பு: சுமார் 7,88,000 ஆண்டு, பூமியின் மேற்பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல். எல்லாவற்றிலும் இளையதும் பெரியதும் அதுதான். ஆனாலும் அதன் பள்ளம் இன்னும் அகப்படவில்லை. லாவோஸின் பொலவென் பீடபூமியில் எரிமலைக் குழம்புக்கு அடியில் புதைந்திருக்கிறது என்பது 2020-இல் முன்வைக்கப்பட்ட கருத்து, எல்லாரும் ஏற்கவில்லை.

லிபியப் பாலைவனக் கண்ணாடி தனிக் கதை. எகிப்தின் மேற்கு எல்லையில் கிடைக்கும் இளமஞ்சள் கண்ணாடி. சுமார் 98 சதவீதம் சிலிக்கா, வயது 2.9 கோடி ஆண்டை ஒட்டியது. துட்டன்காமனின் மார்புப் பதக்கத்தில் உள்ள வண்டு இதில் செதுக்கியது. பள்ளம் தெரியவில்லை என்பதால், கல் தரையைத் தொடாமல் வானிலேயே வெடித்து அந்த அனலில் மணல் உருகியது என்று ஒரு தரப்பு வாதிட்டது. வான்வெடிப்பில் சூடு கிடைக்கும். பாறைக்குள் பல பத்து கிகா பாஸ்கல் அழுத்தம் கிடைக்காது. 2019-இல் வெளியான ஆய்வு, அந்தக் கண்ணாடிக்குள்ளிருந்த சிர்க்கான் என்ற கனிமத்தின் மணிகள் ஒரு காலத்தில் ரீடைட் என்ற உயர் அழுத்த வடிவமாக மாறித் திரும்பியதன் தடயத்தைக் காட்டியது. 30 கிகா பாஸ்கலுக்குக் குறைந்தால் ரீடைட் பிறக்காது. ஆக, தரையில் மோதல் நடந்திருக்கிறது. ஒரு மணலளவு கனிமம் இத்தனை பெரிய வாதத்தைத் தீர்த்ததுதான் இந்தத் துறையின் அழகு.

நம் மலையில் ஏன் எதிர்பார்க்க முடியாது

முதலில் பள்ளங்கள். வட்டமான குழியெல்லாம் மோதல் பள்ளமல்ல. கொடைக்கானல் ஏரி 1863-இல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் அணை போட்டு உண்டாக்கியது. ஊட்டி ஏரியும் கலெக்டர் சல்லிவன் காலத்தில் மனிதர் உண்டாக்கியதே. குண்டான் வடிவப் பள்ளத்தாக்குகள் மழையும் ஓடையும் அரித்தவை.

ஆசிய–ஆஸ்திரேலிய மோதலின் நுண்துளிகள், ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியவை, இந்தியப் பெருங்கடல் நடுப்பகுதியின் ஆழ்கடல் வண்டலில் கிடைத்திருக்கின்றன. அப்படியானால் இங்கும் சில தூவியிருக்கக் கூடாதா? தூவியிருக்கலாம், தங்கியிருக்காது. கண்ணாடி நிலையற்றது. ஈரம் பட்டால் தண்ணீரை உறிஞ்சி, அயனிகளை இழந்து, களிமண்ணாகிவிடும். வறண்ட பாலைவனத்திலும் ஆழ்கடல் சேற்றிலும் பிழைக்கும் நுண்துளி, பருவமழை ஆண்டுதோறும் நனைக்கும் அமிலத்தன்மையுள்ள செம்மண்ணில் லட்சக்கணக்கான ஆண்டு பிழைப்பது கடினம். இந்த மலைகளில் சார்னோக்கைட்டே மக்கி லாட்டரைட்டாகவும் பாக்சைட்டாகவும் மாறியிருக்கிறது. போதாக்குறைக்கு, சரிவில் எதுவும் நிற்பதில்லை. மழை பவானிக்கோ சண்முகநதிக்கோ அடித்துக்கொண்டு போய்விடும்.

நீலகிரியின் புல்வெளிப் பள்ளங்களில், சாண்டிநல்லா போன்ற இடங்களில், பீட் எனப்படும் சதுப்புக் கரிமண் அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. அதிலிருந்து சுமார் 40,000 ஆண்டு பழைய காலநிலையை வாசித்திருக்கிறார்கள். காற்றில் வந்த துகளை அடுக்கு குலையாமல் வைத்திருக்கும் இடம் இந்த மலையில் அதுதான். ஆனால் 7,88,000 ஆண்டு அதன் கைக்கு எட்டாத தூரம். மேலடுக்கில் உருண்டைக் கண்ணாடித் துகள் கண்டாலும் அவசரப்படக் கூடாது. அனல்மின் நிலையச் சாம்பலும் வெல்டிங் பொறியும் அதே அளவில், அதே உருண்டையாகத்தான் இருக்கும்.

அப்படியானால் கையில் இருப்பது என்ன?

1. இரும்புக் கிட்டம். பழங்கால உலையின் கசடு. கனமாக, குமிழித் துளைகளோடு, ஓரிடத்தில் துருவேறி இருக்கும். காந்தம் பல சமயம் பிடிக்கும்.

2. நிலக்கரிக் கட்டி. தேயிலைத் தொழிற்சாலை அடுப்பிலோ, மலை ரயில் நிலக்கரியில் ஓடிய காலத்திலோ சாம்பல் உருகிக் கட்டியானது. பாதையோரம், தண்டவாள ஓரம் கிடந்தால் முதலில் இதைத்தான் நினைக்க வேண்டும்.

3. தீயில் உருகிய பாட்டில். பச்சை, பழுப்பு. ஒரு பக்கம் தட்டையாக இருக்கும்.

4. பழைய கைவினைக் கண்ணாடி. பழனி மலையடிவாரத்துப் பொருந்தலில் கா. ராஜன் தலைமையில் நடந்த அகழாய்வில் கண்ணாடி மணிகளும் மணி செய்த உலையும் வெளிப்பட்டன. அந்தப் பக்கத்தில் கண்ணாடித் துண்டு கிடைத்தால், விண்கல்லைவிடத் தொல்லியல் மதிப்பு அதிகம். எடுத்த இடத்தைக் குலைக்காமல் தொல்லியல் துறைக்குச் சொல்வதே நல்லது.

5. கண்ணாடியே அல்லாத கல். டோலரைட் என்ற நுண்மணிக் கறுப்புப் பாறை, பளபளக்கும் பைராக்சீன். உடைத்த முகத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் மணிமணியாகத் தெரியும்.

6. மின்னல் பூச்சு. உச்சிப் பாறையில் மெல்லிய படலம் மட்டும். கையளவுக் கட்டியாக வராது.

வீட்டில் செய்யக்கூடிய ஒரே நம்பகமான சோதனை

அடர்த்தி. நகைத் தராசு, அதாவது 0.01 கிராம் காட்டுவது, வேண்டும்.

1. கல்லைத் தேய்த்துக் கழுவி, ஒரு நாள் உலரவிட்டு எடை போடுங்கள். 24.00 கிராம் என்று வைத்துக்கொள்வோம்.

2. தண்ணீர் ஊற்றிய டம்ளரைத் தராசில் வைத்து, அளவைப் பூஜ்யமாக்குங்கள்.

3. கல்லை மெல்லிய நூலில் கட்டி, தண்ணீரில் முழுதும் மூழ்கும்படி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் தொங்கவிடுங்கள். தராசு காட்டுவது, கல் விலக்கிய தண்ணீரின் எடை. 10.00 என்று காட்டினால் அடர்த்தி 24 ÷ 10 = 2.4.

டெக்டைட் 2.3 முதல் 2.5 வரை. ஒப்சிடியனும் அதே வட்டாரம். பாட்டில் கண்ணாடி 2.5. குவார்ட்ஸ் 2.65. சார்னோக்கைட் 2.7-ஐ ஒட்டி. இரும்புக் கிட்டம் பெரும்பாலும் 3-க்கு மேல். 2.6-க்கு மேல் வந்தால் டெக்டைட் என்ற பேச்சை விட்டுவிடலாம். 2.4 வந்தால் இன்னும் எதுவும் நிரூபணமாகவில்லை. ஒப்சிடியனையும் சில செயற்கைக் கண்ணாடியையும் அடர்த்தி பிரிக்காது.

தவறுவது எங்கே? சமையலறைத் தராசு 1 கிராம் படியில் காட்டும். 10 கிராம் டெக்டைட் விலக்கும் தண்ணீர் 4.2 கிராம்தான், அரை கிராம் பிசகினால் விடை 2.1-ஆகவும் வரும், 2.7-ஆகவும் வரும். கல்லில் ஒட்டிய காற்றுக் குமிழி அடர்த்தியைக் குறைத்துக் காட்டும். ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் குமிழி ஒட்டாது. கல்லுக்குள்ளேயே குமிழி இருந்தால் கனமான கிட்டம்கூட டெக்டைட்டின் எண்ணைக் காட்டி ஏமாற்றும். நூல் தளர்ந்து கல் அடியைத் தொட்டால் எண் தாறுமாறாக ஏறும்.

நெருப்பில் காட்டிப் பார்க்கும் முறை ஒன்று புழக்கத்தில் உண்டு: ஒப்சிடியன் உள்ளிருக்கும் நீரால் நுரைத்துப் பொங்கும், டெக்டைட் பொங்காது. உண்மைதான். ஆனால் கண்ணாடி வெடித்துக் கண்ணில் தெறிக்கும், மாதிரியும் பாழாகும். வீட்டில் செய்யாதீர்கள்.

ஆய்வகம் எதை ஏற்கும்

பளபளப்பையோ குழிவிழுந்த மேற்பரப்பையோ அல்ல. கல்லை 0.03 மில்லிமீட்டர் மெல்லிய தகடாக அறுத்து, குறுக்கு முனைவாக்க ஒளியில் பார்ப்பார்கள். கண்ணாடி எந்தப் பக்கம் திருப்பினாலும் கறுப்பாகவே இருக்கும், படிகம் ஒளிரும். அடுத்து லெஷாட்லியரைட் இழைகளைத் தேடுவார்கள். எரிமலைக்கு 1,200 டிகிரிக்கு மேல் எட்டாது என்று பார்த்தோம். 1,700 டிகிரி கேட்கும் தூய சிலிக்காக் கண்ணாடி இருந்தால் எரிமலை அல்ல. ஆனால் மின்னலுக்கும் அந்தச் சூடு உண்டு. ஆகவே இது ஒன்றே போதாது. இணையான மெல்லிய தளங்கள் விழுந்த குவார்ட்ஸ், கோயசைட், ரீடைட் தடயம் ஆகியவற்றில் ஏதாவது வேண்டும். இவற்றோடு இரிடியம், நிக்கல் அளவும், ஆஸ்மியம் ஐசோடோப்பு விகிதமும் சேர்ந்தால் மோதிய கல்லின் எச்சமே பிடிபடும்.

கல்லை ஆய்வுக்குக் கொடுக்க நினைத்தால்: எடுத்த இடத்தைச் செல்போனில் ஆயத்தொலைவோடு குறித்து, கிடந்த நிலையில் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். அமிலத்தில் ஊறவைக்கவோ மெருகேற்றவோ வேண்டாம். உடைத்துத்தான் ஆக வேண்டுமானால் பாதியைத் தொடாமல் வையுங்கள். விண்கல் என்று சந்தேகம் வந்தால் தகவல் சேர வேண்டிய இடம் இந்திய நிலவியல் ஆய்வுத் துறை. முக்குருத்தி தேசியப் பூங்கா, காப்புக் காடு, கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் ஆகியவற்றுக்குள் எந்தக் கல்லையும் எடுக்க அனுமதி இல்லை; அங்கே கண்டால் படமும் இடக் குறிப்பும் மட்டும் போதும்.